குற்றம் சுமத்துவோரும் சுமப்போரும்

விதைநெல், கிணறு, காணி உத்தரவுப்பத்திரம் என்று எந்த விடயத்தில் கூட்டம் தொடங்கினாலும், இடம்பெயர்ந்த குடும்பங்களோடு நாம் அமர்ந்து பேசும்போது கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, நாங்கள் மண்ணைக் கொத்திச் சீவிச்ச சனம். ஆரோ என்னவோ செய்ததாகச் சொன்னார்கள். அதுக்கு எங்கட ஊர் ஏன் எழும்ப வேண்டி வந்தது?"

இக்கேள்விக்கு ஒரு கட்டுரையில் முழுமையான பதில் கூற முடியாது. எனினும் அதன் ஒரு பகுதியையாவது விளங்கிக்கொள்ள முயல்வோம். நாட்டில் அமைதியின்மை ஏற்படும்போது அரசாங்கம் தன்னை எதிர்ப்போர் மீது குற்றம் சுமத்துகிறது. அக்குற்றச்சாட்டு எவ்வாறு சட்டமாகிறது? அச்சட்டம் எவ்வாறு ஒரு விவசாயியின் படலை வரை வந்து சேருகிறது? இவற்றை எமது நாட்டின் 1982, 1983ஆம் ஆண்டுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். அந்தக் குறுகிய காலத்தில் தென்னிலங்கை இடதுசாரிகள், தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள், ஏழை விவசாயிகளுக்காக உழைத்த ஒரு தொண்டு நிறுவனம் ஆகிய மூன்று தரப்பினர் மீதும் குற்றம் சுமத்தப்பட்டது.

நாபோத்தின் தோட்டம்

விவிலியத்தில் முதலாம் அரசர் நூல் 21ஆம் அதிகாரத்தில் நாபோத்து என்னும் விவசாயியின் கதை உண்டு. ஆகாபு அரசனுக்குத் தன் அரண்மனைக்கு அருகிலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டம் தேவைப்பட்டது. மூதாதையரின் சொத்தை விற்க நாபோத்து மறுத்தான். காணியைப் பறிக்க நேரடி வழி இருக்கவில்லை. எனவே அரசி ஈசபேல் அரசனின் முத்திரையிட்டுக் கடிதங்கள் எழுதினாள். ஊரில் நோன்பு அறிவிக்கப்பட்டது. இரண்டு பொய்ச்சாட்சிகள் எழுந்து, நாபோத்து கடவுளையும் அரசனையும் பழித்தான் என்றார்கள். ஊரார் அவனைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். அதன்பின் அரசன் எழுந்து தோட்டத்தைச் சொந்தமாக்கச் சென்றான்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, காணியைப் பற்றி அக்கடிதங்களில் ஒரு சொல்லும் இல்லை என்பதே. பிரச்சினை காணி, குற்றச்சாட்டோ தேசத்துரோகம். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு எமது நாட்டின் கதைக்கு வருவோம்.

பழைய பழக்கம்

இப்பழக்கம் 1982இல் தொடங்கியதல்ல. சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டான 1947இல், வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில், பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் இச்சட்டத்திலிருந்தே வருகிறது.

1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடைபெற்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் கூடியது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்தனர். சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி மொழியுரிமைக்காக வடக்கு கிழக்கில் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் செய்தது. ஏப்ரலில் அக்கட்சி சொந்தமாகத் தபால் சேவை நடத்தி முத்திரையும் வெளியிட்டபோது, தனி அரசு அமைக்க முயல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஏப்ரல் 17ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். மக்கள் கேட்டது மொழி. கிடைத்த பதில் தடுப்புக்காவல்.

1982: 'நக்சலைட் சதி'

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்த்தன 52.9 வீத வாக்குகளைப் பெற்றார். சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 39 வீதம் பெற்றார். அக்கட்சியின் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியுரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தபடியால் அவர் போட்டியிட முடியவில்லை.

அடுத்து வரவேண்டியது பாராளுமன்றத் தேர்தல். 1977இல் ஐ.தே.க. 168 ஆசனங்களில் 140ஐ வென்றிருந்தது. புதிய விகிதாசார முறையில் 52.9 வீத வாக்குகளுடன் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை மீண்டும் பெறுவது நடவாத காரியம். இது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

அவ்வேளையில்தான் நாட்டில் ஒரு 'நக்சலைட் சதி' இருப்பதாக ஜனாதிபதி அறிவித்தார். சுதந்திரக் கட்சியின் ஒரு பிரிவினர் ஆட்சிக்கு வந்திருந்தால் தம்மையும் வேறு சிலரையும் கொன்று, அரசியலமைப்பைத் தூக்கி எறியத் திட்டமிட்டிருந்தனர் என்றார். இத்தகையோர் பாராளுமன்றத்துக்கு வராமல் தடுக்க, தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பது என முடிவாயிற்று. கொப்பேகடுவவின் தேர்தல் பிரசாரத்தில் முன்னின்ற நடிகர் விஜய குமாரதுங்க கைது செய்யப்பட்டார். வாக்கெடுப்பு முடியும் வரை அவர் காவலில் இருந்தார். பின்னர் வழக்கு எதுவும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார்.

1982 டிசெம்பர் 22ஆம் திகதி, அவசரகால நிலையின் கீழ், வாக்கெடுப்பு நடைபெற்றது. நீடிப்புக்கு ஆதரவென்றால் விளக்கு, எதிர்ப்பென்றால் குடம். நாடளாவிய ரீதியில் விளக்குக்கு 54.7 வீதம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கே புள்ளடியிட்டனர். அச்சதிக்காக எவரும் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்படவில்லை. ஆனால் குற்றச்சாட்டின் பயனாகக் கிடைத்த ஆசனங்கள் 1989 வரை அப்படியே இருந்தன.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நீடிப்பை எதிர்த்த பௌத்த பிக்குகளின் அமைப்பொன்றின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அதிகாரி ஒருவர் பறிமுதல் செய்தார். அமைப்பின் செயலாளரான தேரர் உயர் நீதிமன்றம் சென்றார். 1983இன் முற்பகுதியில் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, அதிகாரி 10,000 ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்றது. அதன்பின் அமைச்சரவை அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. பணத்தையும் அரசாங்கமே செலுத்தியது. சட்டத்தை மீறினால் தண்டனை அல்ல, பரிசு கிடைக்கும் என்ற பாடத்தைக் கீழ்மட்ட உத்தியோகத்தர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அதன் விளைவை நாடு கண்டது.

காந்தீயத்துக்கு நேர்ந்தது

1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வவுனியாவை நோக்கி வந்தன. அவர்களை விவசாயிகளாகக் குடியமர்த்தும் பணியைக் காந்தீயம் என்னும் நிறுவனம் மேற்கொண்டது. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட், வைத்தியர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் அதை முன்னின்று நடத்தினர். பண்ணைகளும் சிறுவர் பாடசாலைகளும் உருவாயின. இவ்வரிகளை வாசிக்கும் சிலரின் பெற்றோர் அக்குடியேற்றங்களில் காடு வெட்டியவர்களாக இருக்கலாம்.

1983 ஏப்ரலில், ஆயுதக் குழுக்களுக்கு உதவினார்கள் என்று டேவிட்டும் இராஜசுந்தரமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். காந்தீயத்தில் இருந்த சில இளைஞர்களுக்கு ஆயுத இயக்கத்துடன் தொடர்பு இருந்தது உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் சிலரின் தொடர்பு, நிறுவனம் முழுவதன் குற்றமாக்கப்பட்டது. நிறுவனத்தின் குற்றம், அது குடியமர்த்திய ஏழைக் குடும்பங்களின் குற்றமாக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்தவன் 'பயங்கரவாதக் குடியேற்றவாசி' ஆனான்.

1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைச்சாலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களுள் வைத்தியர் இராஜசுந்தரமும் ஒருவர். அவர் மீதான குற்றச்சாட்டை எந்த நீதிபதியும் விசாரித்து முடிக்கவில்லை. டேவிட் உயிர் தப்பி, பல ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார்.

1984இல் மணலாற்றுப் பகுதியில் கென்ற், டொலர் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கிப் பெண்கள், பிள்ளைகள் உட்படப் பலரைக் கொன்றனர். ஒரே நிலத்தில் முதலில் ஓர் ஏழை வெளியேற்றப்பட்டான். அடுத்து இன்னோர் ஏழை கொல்லப்பட்டான். இருவருமே வேறு யாருடைய கணக்கையோ தீர்க்கப் பயன்பட்டவர்கள்.

மூன்று கட்சிகளுக்குத் தடை

1983 ஜூலை 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பிலும் ஏனைய இடங்களிலும் தமிழர் மீது பெரும் வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்று பலர் சாட்சியம் கூறியுள்ளனர். அத்தகைய பட்டியல்கள் சாதாரண கும்பலுக்கு எங்கிருந்து வந்தன என்ற கேள்வி இயல்பாக எழுந்தது.

ஜூலை 30ஆம் திகதி அரசாங்கம் வேறொரு பதிலை அளித்தது. ஆட்சியைக் கவிழ்க்கும் சதி ஒன்று நடந்ததாகக் கூறி, மக்கள் விடுதலை முன்னணி எனப்படும் ஜே.வி.பி., இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி ஆகிய மூன்றையும் தடைசெய்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று பாராளுமன்ற உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அது. மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். 1977 முதல் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அ. அமிர்தலிங்கமும் அவர்களுள் ஒருவர். வீடிழந்து அகதியான மக்களுக்காகப் பேச வேண்டியவர்களே சபையிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

ஜூலை வன்முறைக்காக அம்மூன்று கட்சிகள் மீது எந்த நீதிமன்றமும் குற்றத் தீர்ப்பு வழங்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி மீதான தடை சில மாதங்களில் நீங்கியது. ஜே.வி.பி. மீதான தடை 1988 வரை நீடித்தது. பகிரங்கமாகக் கூட்டம் வைக்க முடியாத அக்கட்சி தலைமறைவானது. தலைமறைவில் ஆயுதம் தூக்கியது. 1987 முதல் 1989 வரை தெற்கில் அவர்களும் கொன்றார்கள். அரச படைகளும் துணைக்குழுக்களும் கொன்றன. பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் இறந்தும் காணாமற்போயும் முடிந்தனர். வடக்கிலும் பாராளுமன்றப் பாதையில் நம்பிக்கை இழந்த இளைஞர்கள் ஆயுத இயக்கங்களில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். முன்வாசலை அடைத்த வீட்டில் மக்கள் பின்வாசலால்தான் போவார்கள்.

அக்காலத்தில் எமது திருச்சபையின் பணியாளர்களும் தப்பவில்லை. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ புத்தளைப் பகுதியில் ஏழைப் பௌத்த விவசாயிகள் மத்தியில் வாழ்ந்தார். அவர்களை மதம் மாற்றுவதற்காக அல்ல, அவர்களோடு சேர்ந்து வாழ்வதற்காகவே அங்கு சென்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். ஏழைகளோடு நிற்பவனே 'அவர்களுடைய ஆள்' என்று சந்தேகிக்கப்பட்ட காலம் அது.

நான்கு படிகள்

இதுவரை கண்டவற்றை நான்கு படிகளாகத் தொகுக்கலாம்.

முதலாவது, மக்களின் உண்மையான குறை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அரிசி விலை, மொழி, காணி, தேர்தல் என்பன பேச்சிலிருந்து மறைந்து, 'சதி' மட்டுமே பேசப்படுகிறது.

இரண்டாவது, ஒரு பெயர் சூட்டப்படுகிறது. நக்சலைட், பிரிவினைவாதி, பயங்கரவாதி. பெயர் ஒரு தனி மனிதனின் செயலுக்கு அல்ல, ஒரு கூட்டத்துக்கே ஒட்டப்படுகிறது.

மூன்றாவது, தண்டனை முன்னும் விசாரணை பின்னுமாக வருகிறது. தடை, கைது, ஆசனப் பறிப்பு எல்லாம் உடனே நடக்கும். சாட்சியம் பிறகு வரும். பல வேளைகளில் வராமலே போகும்.

நான்காவது, எவரோ ஒருவர் நன்மை பெறுகிறார். நாபோத்தின் கதையில் அது தோட்டம். 1982இல் அது பாராளுமன்றம். எல்லைக் கிராமங்களில் அது காணி.

ஆயுத வன்முறை நடக்கவில்லை என்றோ, அரசாங்கத்துக்கு மக்களைக் காக்கும் கடமை இல்லை என்றோ நாம் கூறவில்லை. குற்றம் செய்தவர் யார், செய்த செயல் என்ன, சாட்சி எங்கே, நீதிபதி யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் அது நீதி. இவை இல்லாத இடத்தில் இருப்பது வெறும் பழி.

எமது பக்கத்திலும்

இந்த அளவுகோலால் எம்மையும் அளந்து பார்க்க வேண்டும். எம்மிடையே 'துரோகி' என்ற ஒரு சொல் எத்தனை உயிர்களைக் குடித்தது? அரசாங்கத்தால் பிரிவினைவாதி என்று சபையிலிருந்து அகற்றப்பட்ட அதே அமிர்தலிங்கம், 1989 ஜூலை 13ஆம் திகதி தமிழர் கையால் கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் சில நாட்களில் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எமது அயலவரான அந்த விவசாயிகளும் வியாபாரிகளும் கேட்டதும் நாம் கேட்கும் அதே கேள்விதான்: நாங்கள் என்ன குற்றம் செய்தோம்? அன்று எம்மில் பலர் பயத்தால் வாய்மூடி நின்றோம். அதை ஏற்றுக்கொள்ளாமல் எமக்கு நீதி கேட்பது முழுமையாகாது.

சட்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லி நிறைவேற்றப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கீழ் வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கவும் அச்சட்டம் இடமளித்தது. தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட்டதால் நீண்டகாலம் சிறையிலிருந்த எமது பிள்ளைகள் பலர்.

இச்சட்டம் தமிழருக்கு மட்டும் என்று எண்ணியோர் 2022இல் திருந்தினார்கள். அவ்வாண்டு மக்கள் எழுச்சியின் பின், ஆகஸ்டில், மாணவர் தலைவர் வசந்த முதலிகே இதே சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார். 2023 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு நீதவான் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்.

குடும்பத்தில் எவரேனும் கைது செய்யப்பட்டால் பின்வருவனவற்றை மறவாதீர்கள்:

கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் சுற்றவாளி என்பதும் அதே உறுப்புரையில் உள்ளது.

வந்தவர்களின் பெயர், வாகன இலக்கம், திகதி, நேரம், கண்டவர்கள் யார் என்பவற்றை அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் உடனே முறையிடுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைது ஒன்றை 48 மணி நேரத்துள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அம்மாதத்துள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கில் சேராது. ஆகவே தாமதியாமல் ஒரு சட்டத்தரணியை நாடுங்கள்.

வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிட வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

நிறைவாக

1983இல் சதிகாரக் கட்சி என்று தடைசெய்யப்பட்ட ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் மக்கள் வாக்கால் ஜனாதிபதியானார். அன்று தடைவிதித்த கட்சியோ சிறுத்துப்போனது. குற்றம் சுமத்துவோரும் சுமப்போரும் இடம் மாறலாம் என்பதை இது காட்டுகிறது. பழியின் வலியை அறிந்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் பிறர் மீது பழி சுமத்தமாட்டார்கள் என்று நம்பியிருப்பது போதாது; கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டியது மக்களின் கடமை.

நமதாண்டவரும் இவ்வழியால்தான் போனார். மக்களைக் கலகத்துக்குத் தூண்டுகிறார், சீசருக்கு வரி கொடுப்பதைத் தடுக்கிறார் என்றே பிலாத்துவிடம் அவர் மீது முறையிட்டார்கள். குற்றம் எதையும் காணவில்லை என்று கூறிய அதே ஆளுநர், கூட்டத்தின் சத்தத்துக்கு அஞ்சி அவரைக் கையளித்தான். ஆகவே, உங்கள் ஊர் எழும்பியது நீங்கள் செய்த குற்றத்தால் அல்ல. அந்தப் பாரத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். இறக்கிய அதே பாரத்தை வேறொருவர் தலையில் ஏற்றாமலும் பார்த்துக்கொள்வோம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு:

1. எமது ஊர் இடம்பெயர்ந்தபோது எம்மீது சூட்டப்பட்ட பெயர் என்ன? அதற்கு முன் நாம் கேட்டுக்கொண்டிருந்த உண்மையான தேவை என்ன?

2. நாம் விட்டுவந்த காணியை இன்று அனுபவிப்பவர் யார்? அவரும் எங்கிருந்தாவது எழுப்பப்பட்டவரா?

3. எமது முகாமில் அல்லது கிராமத்தில் சாட்சியமின்றி எவரையேனும் 'அவன் அவங்கட ஆள்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமா? அதைச் சரிசெய்ய இவ்வாரம் என்ன செய்யலாம்?